கட்டிங் மாஸ்டர் சொல்லாமல் விட்ட சொல்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி என் பெயரைச் சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் வழி கேட்காமல் என் வாசலில் கொண்டுவந்து விடுவார். நாலு மிஷினில் ஆரம்பித்தேன், இன்று நாலு கட்டடம். யாருடைய தயவும் இல்லை. இந்தக் கையும் இந்த வாயும் சம்பாதித்தது. அதே வாய் ஒரு நல்ல மனிதரை ஆயுள் முழுக்க ஜெயிலில் தள்ளப் பார்த்தது. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு வேறு யாராவது சொன்னால் நன்றாக இருக்காது.

அவர் என்னுடைய முதல் கட்டிங் மாஸ்டர். பெயர் வேண்டாம். மாஸ்டர் என்றே சொல்கிறேன், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அவிநாசி ரோட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு கொட்டகையில் என் பனியன் கம்பெனி. வேலை கேட்டு வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த அளவு டேப்பைப் பார்த்தார். பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அதன் மேல் வைத்தார்.

“ஏனுங்க மொதலாளி, இந்த டேப்பு இழுபட்டுப் போச்சுங்க. முப்பது இஞ்சுக்கு ஒரு நூலு தப்பாக் காட்டுது.”

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் நூல் என்போம். எனக்குச் சிரிப்பு வந்தது. “ஒரு நூலுதான மாஸ்டர்? பனியன் என்ன கண்ணாடியா, உடைஞ்சு போறதுக்கு? போட்டா நெகிழ்ந்து குடுக்கும்.”

“நெகிழறது துணியோட வேலைங்க. அளக்கறது எம்பட வேலைங்க.”

அன்றே அந்த டேப்பைக் கத்திரித்துக் குப்பையில் போட்டார். சம்பளம் பேசுவதற்கு முன்பே என் சாமானை வெட்டிப் போட்ட ஆளை நான் வேலைக்கு வைத்தேன் என்றால், ஆளைப் பார்த்ததும் எடை போடுகிற கண் எனக்கு உண்டு என்று அர்த்தம்.

கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அவருடைய குணம் அவ்வளவுதான். டீக்கடையில் “சர்க்கரை எவ்வளவுங்க?” என்றால் “ஒண்ணே கால்” என்பார். “மாஸ்டர், நல்லா இருக்கீங்களா?” என்று பனியனுக்குக் கை மடித்துக் கொடுக்கிற பெண்கள் கேலிக்குக் கேட்டால் சற்று யோசித்து, “முக்காவாசிங்க கண்ணு” என்பார். கொட்டகையே சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார், ஏனென்றால் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

ஒரு முறை துணியை மிச்சம் பிடிக்க நானே ஒரு வழி சொன்னேன். தொண்ணூறு சைஸ் என்று சீட்டு ஒட்டி, எண்பத்தெட்டுக்கு வெட்டச் சொன்னேன். ஊரில் பல பேர் செய்வதுதான். அவர் கத்திரியைக் கீழே வைத்தார்.

“எம்பத்தெட்டுன்னு சீட்டு ஒட்டுங்க மொதலாளி. எம்பத்தெட்டு வெட்டித் தாரன்.”

“எம்பத்தெட்டுன்னு உலகத்துல ஒரு சைஸே கெடையாதே மாஸ்டர்!”

“அப்பத் தொண்ணூறு வெட்டறனுங்க.”

கத்திரியைக் கீழே வைத்தார் என்றேனே, அது அவருடைய வழக்கம். யார் பேச வந்தாலும், கையில் இருக்கிற கத்திரியை மேஜையில் வைத்துவிட்டுத்தான் வாய் திறப்பார். முழங்கை நீளத்துக்கு இருக்கும் கட்டிங் கத்திரி. “இதைக் கையில வெச்சுட்டுப் பேசுனா பேச்சு மெரட்டலாப் போயிருமுங்க” என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பனியன் துணி ரோலில் சுற்றி வரும்போது இழுபட்டு வரும். அதைப் பிரித்து மேஜையில் விரித்துச் சும்மா விட்டால் சுருங்கித் தன் நிஜ அளவுக்கு வரும். அதற்குப் பிறகுதான் வெட்ட வேண்டும். நான் வாசலில் வேனை நிறுத்தி வைத்துக்கொண்டு குதிப்பேன். அவர் துணிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். “ஆறட்டுமுங்க. ஆறாம வெட்டுனா அப்பறம் எந்த ஒடம்புக்கும் சேராது.” அந்த நேரத்தில் அவரை ஒன்றும் அசைக்க முடியாது.

கல்யாணமாகி நாலு வருடம். ஒரே பெண் குழந்தை. குழந்தைக்கு எங்கள் கம்பெனித் துணியில் மிச்சம் விழுந்ததில் சட்டை தைப்பார், என்னிடம் கேட்டுவிட்டுத்தான். இந்த வருடத்துக்கு ஒன்று, அடுத்த வருடத்துக்கு ஒன்று, அதற்கடுத்த வருடத்துக்கு ஒன்று என்று வளர்த்தியைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே வெட்டி வைத்திருந்தார். மூன்றாம் வயதில் மஞ்சள் காமாலை வந்து குழந்தை போய்விட்டது. மிச்சச் சட்டைகளை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. வாய்க்காரன்தான், ஆனாலும் சில இடத்தில் எனக்கும் வாய் வராது.

குழந்தை போனபின் அவர் மனைவியின் வீட்டார் பெண்ணைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார்கள். குன்னத்தூர் பக்கம் காடு தோட்டம் உள்ள குடும்பம். மாஸ்டருக்குச் சொந்தமாக ஒரு செண்டு நிலம் கிடையாது. அவளாகப் பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டது. அவளுடைய தம்பி ஒருவன், அக்கா என்றால் உயிரை விடுகிறவன். “குழந்தையும் இல்லை, இனி இவனோடு உனக்கு என்ன?” என்று வாரம் ஒரு முறை வந்து சண்டை பிடிப்பான். அவள் அசையவில்லை.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். தம்பிக்காரன் நேராகக் கம்பெனிக்கே வந்துவிட்டான். எட்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி நின்றால் பேசுவது காதில் விழாது. நான் கட்டிங் மேஜைக்கு இந்தப் புறம் நின்று துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் அவனைப் பார்த்ததும் வழக்கம்போலக் கத்திரியைக் கீழே வைத்தார்.

“வா மாப்ள. டீ குடிக்கறயா?”

அவன் குனிந்து, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னான். செத்துப்போன அந்தக் குழந்தை அவருக்குப் பிறந்தது இல்லை என்றான். அவன் சொன்ன விதத்தில் நான் எழுத மாட்டேன். பெற்ற தகப்பனிடம், மூன்று மாதம்கூட ஆகாத துக்கத்தில், எவனும் சொல்லக்கூடாத சொல். கேட்டது அவரும் நானும் மட்டும்.

மாஸ்டர் கை மேஜைக்குப் போனதை நான் பார்த்தேன். தடுத்திருக்கலாமோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரே குத்து. அடுத்த கணமே கத்திரி தரையில் கிடந்தது, மாஸ்டர் அவனை மடியில் போட்டுக்கொண்டு வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியை அள்ளி அள்ளிக் காயத்தில் அமுக்கினார். “மிஷினை நிறுத்துங்க! வண்டி எடுங்க மொதலாளி, வண்டி!” என்று கத்தினார். துணி டெம்போவில் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசல் சேரும் முன்பே அவன் கண் செருகிவிட்டது. மாஸ்டர் டெம்போவை விட்டு இறங்கி, நடந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

எனக்குத் தெரிந்த சட்டத்தில் இரண்டுதான் உண்டு. கொன்றால் தூக்கு, கொல்லவில்லை என்றால் விடுதலை. கோயமுத்தூரில் பேர்போன ஒரு வக்கீலைப் பிடித்தேன். அவர் மூன்றாவது ஒன்றைச் சொன்னார்.

“கொன்னது உண்மைதான்னு ஒத்துக்கிட்டே, இது கொலைக்குற்றம் ஆகாதுன்னு வாதாட சட்டத்துல எடம் இருக்குங்க. ஒருத்தனைத் திடீர்னு, பொறுக்க முடியாத அளவுக்குச் சீண்டி, அவன் தன் வசத்துல இல்லாத நேரத்துல கை நீண்டுட்டா, அது முன்னூத்தி ரெண்டு இல்ல. முன்னூத்தி நாலு.”

“விட்டுடுவாங்களா?”

“விட மாட்டாங்க. உசுரு போயிருக்கே. ஆனா ஆயுள் தண்டனைக்குப் பதிலா சில வருசத்தோட போகும்.”

“இந்த நடு அளவை எவனுங்க கண்டுபிடிச்சான்?”

“வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான். அவங்க ஊர்லயும் உண்டு. அங்க ரொம்பக் காலம் வெறும் பேச்சை ஏத்துக்க மாட்டாங்க, அடிச்சான் புடிச்சான்னு ஏதாவது நடந்திருக்கணும். பிற்பாடுதான் சொல்லுக்கும் எடம் குடுத்தாங்க. புத்தி பாதி தடுமாறினவனுக்குக்கூட அங்க அந்த நடு அளவு உண்டு, இங்க அது கெடையாது. ஆனா சொல்லுக்கு இங்க எடம் இருக்கு. அவன் என்ன சொன்னான்னு கோர்ட்டுக்குத் தெரியணும், அவ்வளவுதான்.”

நான் கேட்டதைச் சொன்னேன். வக்கீல் பேனாவை மூடினார். “இதைக் கூண்டுல ஏறி அப்படியே சொல்லுங்க. போதும்.”

இவ்வளவு லேசா என்று நினைத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போய் மாஸ்டரிடம் சொன்னேன். ஜாமீன்கூட வேண்டாம் என்று உள்ளேயே கிடந்தார். கம்பிக்குப் பின்னால் நின்று கேட்டவர் தலையை ஆட்டினார்.

“அது ஆகாதுங்க மொதலாளி.”

“ஏன் ஆகாது? நடந்ததுதான?”

“அவ கோர்ட்டுக்கு வந்து உக்காந்திருப்பாளுங்க. பொறந்தவன் போயிட்டான். எங்கையால போயிட்டான். அவன் கடைசியா வாயைத் தொறந்து சொன்னது இதுதான்னு அவ எதுக்குங்க தெரிஞ்சுக்கணும்? அவ மகளைப் பத்தி, அவளைப் பத்தி, அவ தம்பியே சொன்னான்னு? வேண்டாமுங்க.”

“மாஸ்டர், ஆயுசு முழுக்க உள்ள கெடக்கணும்!”

“கெடக்கறதுக்கு என்னங்க. வெளிய வந்தா அவ என்னை மறுக்கா ஊட்டுக்குள்ள விடுவாளா, அது ஒண்ணுதான் எனக்கு. அந்தச் சொல்லு அவ காதுல விழுந்துட்டா, என்னைப் பாக்கறப்பல்லாம் அது கேக்குமுங்க.”

கம்பி வழியாக என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டார். ஒரு நூலைக்கூட விடாத மனிதர், தன் கழுத்தைக் காப்பாற்றக்கூடிய ஒன்றை மட்டும் விடச் சொல்கிறார்.

வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. வியாபாரத்தில் எத்தனை சிக்கலை அவிழ்த்திருக்கிறேன்! பீஸில் சின்ன ஓட்டை விழுந்தால் அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, மடித்து, பெட்டியில் போட்டு அனுப்பியவன் நான். அந்தப் புத்தியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனேன். வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். சர்க்கார் வக்கீல் கேட்டார். நான் நிமிர்ந்து நின்று கணீரென்று சொன்னேன்: “தம்பிக்காரன் கத்தியோட வந்தானுங்க. அவன் மொதல்ல குத்த வந்தான். மாஸ்டரு தன் உசுரக் காப்பாத்திக்கத்தானுங்க…”

எங்கள் வக்கீல் முகம் வெளுத்துவிட்டது. எதிர்ப்புறம் முக்காட்டோடு உட்கார்ந்திருந்த மாஸ்டரின் மனைவி முதல் முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அப்போது குற்றவாளிக் கூண்டிலிருந்து குரல் வந்தது.

“சாமி, அப்படி இல்லீங்க.”

“நீ இப்பப் பேசக் கூடாது” என்றார் ஜட்ஜ்.

“மன்னிச்சுக்கோணுமுங்க சாமி. மொதலாளி என்ரமேல இருக்கற பிரியத்துல சொல்றாருங்க. அவன் கையில கத்தி இல்லீங்க. வெறுங்கையோடதான் வந்தான். செத்தவன் கையில இல்லாத கத்தியை வெக்கக் கூடாதுங்க.”

“பொய் சாட்சி சொன்னா நீங்களும் உள்ள போவீங்க, தெரியுமா?” என்று ஜட்ஜ் என்னிடம் கேட்டார். இருபது பேர் எழுந்து நிற்க நடக்கிறவன் நான். அன்றைக்கு அந்தக் கூண்டிலிருந்து தலையைக் குனிந்துகொண்டு இறங்கினேன்.

வராந்தாவில் வக்கீல் என்னைப் பிடித்துக்கொண்டார். “என்ன காரியம் பண்ணீட்டீங்க? அந்தச் சொல்லைக் காதால கேட்ட ஒரே ஆள் நீங்க. இனி நீங்க வாயைத் தொறந்து அதைச் சொன்னாலும், கத்தி மாதிரி இதுவும் கட்டுக்கதைன்னுதான் எழுதுவாங்க. உங்க வாயி இந்தக் கோர்ட்டுல இனிச் செல்லாதுங்க.”

அடுத்த சாட்சி எங்கள் அயர்ன்காரர். பயந்த சுபாவம், ஆனால் கண்ட உண்மையைச் சொன்னார். “மாஸ்டரு கத்திரியக் கீழ வெச்சாருங்க. அந்தப் பையன் குனிஞ்சு என்னமோ சொன்னானுங்க. மறுக்கா எடுத்துக் குத்திப்போட்டாருங்க. என்ன சொன்னான்னு கேக்கலீங்க, மிஷின் ஓடிட்டு இருந்துச்சுங்க.”

சர்க்கார் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். ஆயுதத்தைக் கீழே வைத்தவன், யோசித்து, மறுபடி எடுத்திருக்கிறான், யோசிக்க நேரம் இருந்திருக்கிறது, ஆகவே கொலை. எங்கள் வக்கீல் அதையே திருப்பிப் போட்டார். கொல்கிற எண்ணம் இருந்தால் கையில் இருந்த கத்திரியை எதற்குக் கீழே வைக்க வேண்டும்? வைத்ததற்கும் எடுத்ததற்கும் நடுவில் ஏதோ ஒன்று அந்த மனிதரைப் புரட்டிப் போட்டிருக்கிறது. நான் கட்டிய கத்திக் கதையைவிட இந்த உண்மை ஆயிரம் மடங்கு பலம் என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது. ஆனால் அந்த ஏதோ ஒன்று என்ன?

ஜட்ஜ் மாஸ்டரிடமே கேட்டார். “கத்திரியை வெச்சதுக்கும் எடுத்ததுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?”

“நாலு எண்ணலாமுங்க சாமி. அஞ்சு ஆகாதுங்க.”

“அதுக்குள்ள மனசை அடக்கியிருக்கக் கூடாதா?”

“ஆறறதுக்கு அது பத்தலீங்க. ஆனாச் செஞ்சது நானுங்க. என்னை விட்டுடுங்கன்னு கேக்கலீங்க. திட்டம் போட்டு வந்தேன்னு மட்டும் எழுதாதீங்க, அது கூடிப்போகுமுங்க.”

“அவன் என்ன சொன்னான்?”

“ஒரு சொல்லுங்க.”

“என்ன சொல்?”

மாஸ்டர் முக்காட்டு உருவம் இருந்த பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். “அது வேண்டாமுங்க சாமி.”

எங்கள் தரப்பில் சாட்சி இருந்தால் கொண்டுவரச் சொல்லி இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். எங்களிடம் சாட்சியே இல்லை.

என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குன்னத்தூர்ப் பக்கம் போனேன். மாஸ்டர் உள்ளே போனதிலிருந்து அவர் மனைவி தாய்வீட்டில்தான் இருந்தாள். யாரும் அனுப்பவில்லை. கெடுத்தவன் நான், நான்தான் போக வேண்டும். மாஸ்டரின் மாமனார் களத்தில் நின்றிருந்தார். அவள் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“யாரு, பனியன் கம்பெனிக்காரனா?” என்றார் கிழவர். “எம்பட பையனுக்குக் கோர்ட்டுல கத்தி குடுத்தவன்தான நீ? மண்ணை மிதிக்காத, அப்படியே திரும்பு.”

“தப்புத்தானுங்க. உங்க காலுல வேணும்னாலும் விழுகறனுங்க. ஒரு நிமிசம் அம்மிணிகிட்டப் பேசோணுமுங்க.”

நான் காலில் விழுகிறேன் என்று சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அவள் தட்டைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “சொல்லுங்க” என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

“அம்மிணி, அன்னைக்கு உங்க தம்பி ஒரு சொல்லுச் சொன்னாருங்க. அதைச் சொல்ல மாட்டேன்னு மாஸ்டருக்கு வாக்குக் குடுத்துட்டனுங்க, சொல்ல மாட்டேன். ஆனா அது கோர்ட்டுக்குத் தெரியாம அவரு தப்ப முடியாதுங்க. உங்க காதுல விழுந்தரக் கூடாதுன்னுதான் அவரு வாயைக் கட்டிட்டு நிக்கறாரு. இதைச் சொல்லத்தான் வந்தனுங்க.”

அவள் கீழே போட்ட தட்டை அள்ளி மாட்டுக்கு முன்னால் போட்டாள்.

“எம்பட புள்ளையப் பத்தியா?” என்றாள்.

நான் வாக்குக் கொடுத்தவன். பேசாமல் நின்றேன். அது போதுமாக இருந்தது அவளுக்கு.

“கம்பெனிக்கே வந்து சொல்லிப்போட்டானா!” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “மொத நாளு சாயங்காலம் எங்கிட்டச் சொன்னானுங்க. ‘உம் புருசன்கிட்டப் போய் புள்ள உனக்குப் பொறந்ததில்லைன்னு சொல்லறன், அவனே உன்னை அத்து உட்டுருவான், அப்பறம் நீ நம்மூட்டுக்கு வந்துதானே ஆகோணும்’னு. அடிச்சனுங்க அவனை. கையெடுத்துக் கும்பிட்டனுங்க. சும்மா வெறுப்புல சொல்றான்னு நெனச்சுப்போட்டேன். அவருகிட்டச் சொன்னா மனசு ஒடைஞ்சுருவாருன்னு மறைச்சுப்போட்டனுங்களே.”

கிழவர் களத்தில் நின்றவர் நின்றபடியே நின்றார். மகன் கடைசியாகச் சொன்னது என்னவென்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. என்னைத் திட்டவில்லை, அவளையும் தடுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து அவள் வந்தாள். சர்க்கார் தரப்புப் பெஞ்சில் உட்காராமல் எங்கள் வக்கீலிடம் வந்து, “நான் சொல்லறனுங்க” என்றாள். மாஸ்டர் கூண்டுக்குள்ளிருந்து கையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. அவள் ஏறிவிட்டாள்.

எந்தச் சொல்லை அவள் கேட்கக்கூடாது என்று அவர் காத்து வைத்தாரோ, அதை அவளே நிறைந்த கோர்ட்டில் ஒரு எழுத்து விடாமல் சொன்னாள்.

சர்க்கார் வக்கீல் எழுந்தார். “புருசனைக் காப்பாத்த, செத்துப்போன தம்பி மேல பழி போடறீங்க.”

“தம்பி கெட்டவன் இல்லீங்க” என்றாள். “நான் தூக்கி வளத்தவன். என்னைக் கூட்டிட்டுப் போகோணும்னு ஒரு பொய்யைச் சொன்னான். அது பொய்யின்னு அவனுக்கே தெரியுமுங்க. இவரு செஞ்சதும் தப்புங்க. நான் ரெண்டு பேரையும் எளந்துபோட்டு நிக்கறனுங்க. இதுல எதுக்குங்க நான் பொய் சொல்லோணும்?”

சர்க்கார் வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

இறங்கி வந்தவள் குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றாள். போலீஸ்காரர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

“ஏனுங்க, இதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“நீயுந்தான் சொல்லல அம்மிணி.”

அவ்வளவுதான் பேசினார்கள். அந்த இரண்டு பேர் ஒரே சொல்லை ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்து வைத்துக்கொண்டு பத்து மாதம் இருந்திருக்கிறார்கள்.

கொலைக்குற்றம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. ஏழு வருடம். எனக்கு அது அதிகம் என்று பட்டது. மேலே அப்பீல் போகலாம், சென்னையில் ஆள் பிடிக்கிறேன் என்று மாஸ்டரிடம் குதித்தேன். அவர் ஏழு என்பதைத் தனக்குள் வைத்து அளந்து பார்த்தார்.

“சரியா இருக்குதுங்க மொதலாளி. விட்டுடுங்க.”

அவள் தாய்வீட்டுக்குத் திரும்பவில்லை. என் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தாள். ஏழு வருடத்தில் சலுகைக் கழிவு போக அவர் வெளியே வந்தபோது தொண்ணூறுகள் பிறந்துவிட்டன. நான் எக்ஸ்போர்ட்டில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தேன். ஜெயில் வாசலுக்கு என் புது அம்பாசடர் காரை எடுத்துக்கொண்டு போனேன். அவள் எனக்கு முன்பே பஸ்ஸில் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாஸ்டர் வெளியே வந்து, அவளுக்கு நாலடி தள்ளி நின்றுவிட்டார். அவள்தான் அந்த நாலடியை நடந்தாள். “வாங்க, ஊட்டுக்குப் போலாம்” என்றாள். காரில் ஏறமாட்டோம் என்று இருவரும் பஸ்ஸில் போய்விட்டார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். புதுக் கார்.

மறுபடி என்னிடமே வேலைக்கு வந்தார். ஜெர்மனியிலிருந்து இறக்கிய கட்டிங் மிஷினைக் காட்டினேன். “எனக்கு வெட்டற வேலை வேண்டாமுங்க. டேப்பு மட்டும் குடுங்க” என்றார். அதற்குப் பிறகு என் கம்பெனியை விட்டுப் போகிற ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பீஸை எடுத்து அளந்து பார்ப்பதுதான் அவர் வேலை. என் பெயர் வெளிநாட்டில் நிற்கிறது என்றால் அதில் பாதி அவர் அளவு. மீதிப் பாதி என் சாமர்த்தியம்.

தம்பி போன நாளில் வருடா வருடம் அவள் தாய்வீட்டுக்குப் போவாள். மாஸ்டரும் கூடப் போவார், ஆனால் ஊருக்குள் நுழைய மாட்டார். பஸ் நிறுத்தத்தில் இறங்கி, அங்கே இருக்கிற மைல்கல்லில் உட்கார்ந்துகொள்வார். அவள் போய்ச் சாமி கும்பிட்டு, அப்பன் ஆத்தாளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்வரை மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் அங்கேயே.

ஒரு வருடம் அந்தப் பக்கம் இடம் பார்க்கப் போனவன், வெயிலில் அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு வண்டியை நிறுத்தினேன்.

“என்னங்க மாஸ்டர் இது, கோடை வெயிலுல? கார்லயாவது வந்து உக்காருங்க.”

“பரவால்லீங்க மொதலாளி. இங்க வரைக்குந்தானுங்க எனக்கு எடம்.”

நானும் பக்கத்தில் நின்றேன். ஊர்ப் பாதையில் ஓர் ஆள் வருவது தெரிந்தது. மாமனார்தான். நன்றாகத் தளர்ந்திருந்தார், கையில் ஒரு பித்தளைச் சொம்பு. மாஸ்டர் எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

கிழவர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. மைல்கல்லுக்குப் பக்கத்தில் சொம்பை வைத்தார். மோர். வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்தபடி, “பஸ்ஸு வர்றதுக்கு இன்னும் நேரமாகுமாட்ட இருக்குது” என்றார். யாரிடம் சொன்னார் என்று சொல்ல முடியாது. பிறகு வந்த வழியே திரும்பி நடந்தார்.

மாஸ்டர் சொம்பைத் தொடவில்லை. அதற்குப் பக்கத்தில், தரையில், உட்கார்ந்துகொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்து, யாரும் சொல்லாமல் நானாகவே வாயை மூடிக்கொண்டேன்.

அரை மணி கழித்து அவள் வந்தாள். சொம்பைப் பார்த்தாள், யாருடைய வீட்டுச் சொம்பு என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் பாதியைக் குடித்துவிட்டு நீட்டினார். மீதியை அவள் குடித்தாள். பிறகு சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி ஊரைப் பார்த்து நடந்தாள். நாலு எட்டுப் போனவள் நின்று, திரும்பிப் பார்த்து, “நீங்களும் வாங்க” என்றாள்.